கிழித்த கடிதத்தின் இரண்டாம் பக்கம்

ஜொகூர் பாருவுக்கு நான் குடிவந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. பாளையங்கோட்டையில் முப்பத்தைந்து வருடம் சாக்பீஸ் தூளைச் சுவாசித்துவிட்டு, அதில் கடைசி ஆறு வருடம் தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, கணவரையும் சுடுகாட்டுக்கு வழியனுப்பிவிட்டு, வீட்டுச் சாவியை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மகனுக்கு வேலை சிங்கப்பூரில், வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம். விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போகிறான், களைத்துப்போய் வருகிறான். மகனோடு இருக்கலாம் என்று வந்த எனக்கு அவனுடைய ஹெல்மெட்டோடுதான் அதிகப் பழக்கம்.

பதினோராவது மாடியில் பகல் முழுவதும் தனியாக உட்கார்ந்திருப்பவளுக்குக் கணக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இருபத்தைந்தில் வேலை, இருபத்தாறில் கல்யாணம், முப்பத்தொன்றில் மகன், ஐம்பத்து நாலில் தலைமையாசிரியை, அறுபதில் சால்வை. பணி நிறைவு விழாவில் ஒருவர், "ஆயிரமாயிரம் பெண் பிள்ளைகளைக் கரையேற்றிய தாய்" என்று மைக்கில் முழங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் அந்த இடத்தில் கோமதி அக்காவின் ஞாபகம் வந்து கண் கலங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று எழுதி, பள்ளி ஆண்டு மலரில் படத்தைப் போட்டுவிட்டார்கள்.

கோமதி என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். மலேசியாவில், லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்தவர் எங்கள் ஊருக்குப் பெண் பார்க்க வந்தார். கல்யாணத்து மறுநாள் மாப்பிள்ளைக்குச் சொதி விருந்து வைத்தோம். அடுத்த மாதம் கப்பலேறியவள் திரும்பி வரவே இல்லை. பொங்கலுக்கு ஒரு கடிதம், தீபாவளிக்கு ஒரு கடிதம். தேவிகா என்று ஒரு பெண் பிறந்த செய்தியும் கடிதத்தில்தான் வந்தது.

எனக்கு முப்பது வயதான வருடம், மூலையில் கறுப்பு மை தடவிய உறை ஒன்று பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கறுப்பு மை என்றால் சாவுச் செய்தி. அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. எனக்குக் கல்யாணமாகி நாலு வருடமாகியும் பிள்ளையில்லை. மாமியார் நிலைப்படியில் நின்றுகொண்டு, "வெச்சிக்கிட்டு நிக்காத, கிழிச்சுப் போடு" என்றார்.

முதல் பக்கத்தைப் படித்தேன். அத்தான் மாரடைப்பில் தவறிவிட்டார். கிராணி வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கருமாதி இன்ன தேதி. அதற்குப் பின்னாலும் ஒரு பக்கம் இருந்தது. உறையையும் சேர்த்து நாலாகக் கிழித்தேன். அக்காவின் புது விலாசம் அதோடு சாக்கடைக்குப் போயிற்று.

"வேற என்னளா எழுதியிருக்கா?" என்று, சேதி கேட்டு வந்த அம்மா கேட்டாள். "வேற ஒண்ணும் இல்லம்மா" என்றேன். பழைய விலாசத்துக்கு எழுதிப் பயனில்லை, அவளே மறுபடி எழுதுவாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் எழுதவில்லை. அடுத்த வருடம் மகன் பிறந்தான். அதற்கடுத்த வருடம் அம்மா போய்ச் சேர்ந்தாள். முப்பத்து மூன்று வருடம் ஓடிவிட்டது.

போன மாதம் கோயிலில் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், என் பேச்சைக் கேட்டுவிட்டு, "எங்க பெக்கான் நானாஸ்ல ஒரு அம்மா இப்பிடித்தான் பேசுவாங்க. கோமதியம்மா. ஊர்ல இருந்து கல்யாணம் கட்டி வந்தவங்க" என்றார். இங்கே ஊர் என்றால் இந்தியா. இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வீட்டுக்கு அடையாளம் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மருமகள் ஷாமினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றா சொன்னேன், ஏறக்குறைய எல்லாவற்றையும். அவள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், எதையும் இழுத்துப் பேசமாட்டாள்.

"அத்தை, இதுக்கு ஏன் இவ்ளோ யோசிக்கிறீங்க? லெட்டர் வரவே இல்லன்னு சொல்லிருங்க. அந்தக் காலத்து தபால்தானே. முடிஞ்சிருச்சி லா."

யோசித்துப் பார்த்ததில் அதுவே நல்ல பதிலாகப் பட்டது. அந்தப் பொய்யைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

சனிக்கிழமை பெக்கான் நானாஸுக்குப் பேருந்து. பாதி வழியில் அது ஒரு செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, தோட்டத்தின் ஓரமாக நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்தார், ஒரு சிகரெட் பிடித்தார், திரும்பி வந்து மலாயில் ஏதோ சொன்னார். பதினான்கு மாதத்தில் எனக்கு அந்த மொழி கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. "பொறுங்கள் அம்மா, இன்னொரு வண்டி வரும்" என்றார். எப்போது என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் நடத்துநரின் பரம்பரையே தெருவுக்கு வந்திருக்கும். இங்கே எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அந்தப் பொறுமை கோபத்தைத்தான் தந்தது. முப்பத்து மூன்று வருடம் பொறுத்தவள், ஒரு மணி நேரம் பொறுக்க முடியாமல் இறங்கி ஏறிக்கொண்டிருந்தேன்.

பின்னிருக்கைச் சீனக் கிழவர் தன் பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து நீட்டினார். எங்கே போகிறாய் என்று மலாயில் கேட்டார். அக்கா வீட்டுக்கு என்றேன். "நல்லது, நல்லது. அக்கா இருப்பது நல்லது" என்றார். அதற்குப் பிறகு எனக்குக் கடலை இறங்கவில்லை.

பெக்கான் நானாஸில் சாலையோரம் முழுவதும் அன்னாசிக் கடைகள். கோயில் அம்மாள் சொன்ன அடையாளத்தை வைத்து விசாரித்ததில், அப்படி ஒரு கடையில் புஷ்பா என்ற அம்மாளைக் கண்டுபிடித்தேன். அக்காவோடு அன்னாசி டின் தொழிற்சாலையில், இங்கே சொல்வதுபோல் கிலாங்கில், வேலை பார்த்தவர். பேசிக்கொண்டே ஒரு பழத்தைச் சீவி, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி என் முன்னால் வைத்தார். தேன் போன்ற பழம். நாக்கை லேசாக அறுத்தது.

"கோமதிக்காவா? இப்ப இங்க இல்லையே. மக கூட லாபிஸ் போயிட்டாங்க, அஞ்சு வருசம் இருக்கும். பாவம், ரொம்ப சுசா, ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. கிலாங்ல பதினெட்டு வருசம் தோல் சீவுனாங்க. அப்பல்லாம் கையுறை சரியா குடுக்கமாட்டாங்க. அன்னாசித் தண்ணி வெரல அரிச்சிரும். இங்க பாருங்க."

தன் விரல் நுனிகளைக் காட்டினார். வழவழவென்று இருந்தன.

"பேங்குல, ஐ.சி. கார்டு எடுக்கற ஆபீஸ்ல பெருவிரல் வைக்கச் சொல்லுவாங்க. எங்க ரெண்டு பேருக்கும் மெசின் எடுக்காது. ரேகையே போயிருச்சி. கோமதிக்கா சிரிப்பாங்க. இனி கொலை பண்ணாகூட நம்மள பிடிக்க முடியாதுடி அப்படிம்பாங்க."

பிறகு அவராகவே சொன்னார். "அவங்களுக்கு ஊர்ல ஒரு தங்கச்சி இருக்கு. டீச்சரு. மொதல்ல எல்லாம் தங்கச்சி கூப்பிட்டுக்கும், தங்கச்சி எழுதும்னு சொல்லிட்டே இருப்பாங்க. அப்பறம் அந்தப் பேச்சையே நிறுத்திட்டாங்க. ஆமா, நீங்க யாரு?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். இன்னொரு அன்னாசியை எடுத்துச் சீவத் தொடங்கினார். பழத்துக்கு நான் நீட்டியதை வாங்கிக்கொள்ளவில்லை. அக்கா மகளின் எண்ணை ஒரு அட்டைத் துண்டில் எழுதி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

திரும்பும் வழியில் அந்த எண்ணுக்குப் பேசினேன். "தேவிகாவா? நான் உன் சின்னம்மா பேசுறேன். வடிவு." மறுமுனையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "வாங்க. அம்மாகிட்ட சொல்றேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரயில். சன்னலுக்கு வெளியே செம்பனை, செம்பனை, அதற்கப்புறம் செம்பனை. அக்கா கடிதங்களில் எழுதிய ரப்பர் மரங்கள் ஆங்காங்கே கொஞ்சம் நின்றன. எதிரே உட்கார்ந்திருந்த பெண், மகனிடமோ யாரிடமோ கைப்பேசியில், "சாப்ட்டியா, அத மட்டும் சொல்லு" என்று தமிழில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தாள். நான் என் வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடிதம் எதுவும் வரவில்லை அக்கா. கடிதமே வரவில்லை அக்கா. இரண்டாவதுதான் இயல்பாக இருந்தது.

லாபிஸ் சின்ன நிலையம். இறங்கியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். கனத்த உடம்போடு, நெற்றியில் திருநீற்றோடு நின்ற பெண் நேராக என்னிடம் வந்தாள். அம்மாவின் தாடை அப்படியே இருந்தது அவளுக்கு. நாற்பது வயது.

"கார் சின்னது. கதவு அந்தப் பக்கம் தொறக்காது, இந்தப் பக்கமா ஏறுங்க சின்னம்மா."

போகும் வழியில் அவளே பேசினாள். கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில். அவள் பள்ளிக்கூட கேண்டினில் சமைக்கிறாள். "காலையில நாசி லெமாக், பத்து மணிக்கு மீ கோரேங். பிள்ளைங்க நான் செஞ்சாதான் சாப்பிடும்" என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னாள்.

தண்டவாளத்துக்குப் பின்னால் பலகை வீடு. முன்னால் ஒரு ரம்புத்தான் மரம். அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒடுங்கிப்போயிருந்தாள். நான் அழுவேன் என்று நினைத்தேன், அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

"வாட்டி. வெயில்ல நிக்காத, உள்ள வா." நேற்றுத்தான் தெருமுனைக்குப் போய்விட்டு வந்தவளைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். என் பேச்சில் பாளையங்கோட்டை பாதி தேய்ந்துவிட்டது. அவள் பேச்சில் அப்படியே இருந்தது.

உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அம்ம எப்பம் செத்தா?"

சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்பம் முப்பத்தொரு வருசமா உசுரோட இல்லாதவளுக்கா நான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெளக்கேத்தி வேண்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு எழுந்து இலை போட்டாள்.

சொதி வைத்திருந்தாள். இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல், எல்லாம் எங்கள் வீட்டு முறை. ஆனால் சொதியில் செராய் தண்டைத் தட்டிப் போட்டிருந்தாள், எலுமிச்சைப் புல் மணம் தேங்காய்ப் பாலை மீறிக்கொண்டு வந்தது. "இங்க இது இல்லாம எனக்கே இப்பம் எறங்க மாட்டேங்கு" என்றாள். பரிமாறும்போது அவள் விரல்களைப் பார்த்தேன். புஷ்பாவின் விரல்களேதான்.

நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் எதையும் கேட்கவில்லை. தேவிகாவை, "ஐஸ் வாங்கிட்டு வா, சின்னம்மாக்கு வெயில் ஒத்துக்கல" என்று கடைக்கு அனுப்பினாள். வீட்டில் ஐஸ் இருந்ததை நான் பார்த்திருந்தேன்.

அவள் கேட்கும் முன்பே நான் அவசரப்பட்டேன். "கடிதமே வரலக்கா. அத்தான் தவறினதுகூட எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருப்போமா?"

அக்கா எழுந்து உள்ளே போனாள். ஆஸ்பத்திரி அட்டை, அடையாள அட்டை எல்லாம் போட்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கோப்பைக் கொண்டுவந்தாள். அதன் அடியிலிருந்து வெளுத்துப்போன இளஞ்சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து, துடைத்த மேசை மீது வைத்தாள். பதிவுத் தபாலைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை அட்டை. அதில் தபால் முத்திரை. அதன் கீழே என் கையெழுத்து. அந்த வயதில் எனக்குப் பட்டத்தோடு கையெழுத்துப் போடும் கிறுக்கு இருந்தது. எஸ். சண்முகவடிவு, பி.எஸ்ஸி., பி.எட்.

"இது ஒன் கையெழுத்துதான?"

முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளை மேசைக்கு முன்னால் நிறுத்தி, பொய் சொல்வாயா என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் தரையைப் பார்ப்பார்கள். நானும் தரையைத்தான் பார்த்தேன்.

"வந்துச்சுக்கா. மை தடவியிருந்துச்சா, வாசல்ல வச்சே படிச்சேன். அத்த பக்கத்துல நின்னுக்கிட்டு கிழி கிழின்னாங்க. மொத பக்கந்தான் படிச்சேன். அத்தான் தவறிட்டாங்கன்னு பாத்ததும் கை நடுங்கிட்டு. கிழிச்சிட்டேன். பின்னால இருந்ததப் படிக்கல. ஒன் விலாசமும் அதோட போயிட்டு."

அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால என்னக்கா எழுதியிருந்த?" என்று கேட்டேன்.

"தேவிகாவ ஒன்கிட்ட அனுப்பட்டுமான்னு கேட்டிருந்தேன். இங்க இருந்து புள்ளைய கூட்டிக்கிட்டு ஊருக்குப் போறவங்க இருந்தாங்க. நீ டீச்சர்லா. ஒனக்கும் புள்ள இல்ல. பத்தாப்பு வரைக்குமாவது படிக்க வையின்னு எழுதுனேன். ஆறு மாசம் பாத்தேன். கார்டு மட்டும் வந்துச்சு. பதில் வரல. அப்பம் கையெழுத்துதான் பதிலு, அவளுக்கு இஷ்டம் இல்லன்னு நெனச்சேன்." அட்டையைத் திருப்பி வைத்தாள். "மைய நாந்தான் தடவுனேன். முறை தப்பக் கூடாதுன்னு தடவுனேன். கிழிச்சுப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? சாவ ஒரு கவர்ல, புள்ளைய ஒரு கவர்லன்னு ரெண்டாப் போட்டிருக்கணும். எம் புத்தி அன்னைக்கு எங்க போச்சோ."

பிறகு அவள் செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த ரேகையில்லாத விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பத்து மூணு வருசம் ஒன்னய மனசுக்குள்ள வஞ்சிருக்கேன் வடிவு. வெளங்காமப் போவன்னுகூட சொல்லியிருக்கேன். நீ படிக்கவே இல்ல. ஒண்ணும் தெரியாத புள்ளையப் போயி... என்னய மன்னிச்சிருட்டி."

இன்னும் ஒன்று வாய் வரை வந்தது. வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவகிட்ட இத சொல்லீராத. இப்பிடி ஒரு வழி இருந்துச்சுன்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா மனசு விட்டுருவா" என்று அவசரமாகச் சொன்னாள். அட்டையை என் பைக்குள் திணித்தாள். "இனி இது எனக்கெதுக்கு? நீயே வச்சுக்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். தேவிகா ஐஸ் போட்ட சிரப் தண்ணீரைக் கொடுத்தாள். குடித்தேன்.

மாலை நிலையத்துக்குக் கொண்டுவிடும்போது தேவிகா நிறையப் பேசினாள். "அம்மா இன்னிக்குத்தான் நல்லா சாப்ட்டாங்க. உங்கள பத்தி வாயே தொறக்கமாட்டாங்க, ஆனா யாராச்சும் டீச்சர் வந்தா எழுந்து நிப்பாங்க. நான் ஆறாம் ஆண்டோட நின்னுட்டேன் சின்னம்மா. படிக்க ஆசைதான். கணக்குல நான்தான் மொதோ. ஆனா அம்மா கிலாங் போயிட்டா வீட்ட யாரு பாக்கறது? பதினஞ்சுல நானும் கிலாங் போயிட்டேன். இப்ப பாருங்க, சுத்திச் சுத்தி ஸ்கூலுக்கே வந்துட்டேன், கேண்டினுக்கு." அவளே சிரித்தாள். எந்தப் பக்கத்துக் கதவு திறக்கும் என்று எனக்கு மறந்துவிட்டது. அவள் இறங்கி வந்து திறந்துவிட்டாள்.

ரயில் இருக்கையில் உட்கார்ந்து அந்த அட்டையை வெளியே எடுத்தேன்.

ஷாமினியிடமும் சொல்லாததை, அக்காவிடமும் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு வாசலில் நான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். முதல் வரியைப் படித்தேன். "வடிவு, தேவிகாவை உன்னிடம் அனுப்பி வைத்தால் படிக்க வைப்பாயா" என்று இருந்தது. என் கை நடுங்கவில்லை. அந்தப் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டால், இனி எனக்கென்று ஒன்று பிறக்காது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. மாமியார் கிழி என்றார். நல்லதாகப் போயிற்று என்று கிழித்தேன். முறையைக் கேட்டு நடந்தவள் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

இப்போதெல்லாம் தினமும் மாலையில், விளக்கேற்றிவிட்டு அக்கா என்னைப் போனில் கூப்பிடுகிறாள். என்ன குழம்பு என்று கேட்பாள். மகன் வந்துவிட்டானா என்று கேட்பாள். வைக்கும் முன்பு ஒரு முறையாவது, "ஒன்னயப் போயி வஞ்சுட்டேனே வடிவு, மன்னிச்சிரு" என்பாள்.

"பரவால்லக்கா" என்கிறேன்.